மானிப்பாய் முதல் அரியலூர் வரை: வகுப்புக்கு முன்பே படித்து வருவது பற்றி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணின் மகள் இப்போது மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். போன வாரம் அம்மாக்காரி போன் செய்தாள். "டீச்சர், காலேஜ்ல வீடியோவ அனுப்பிட்டு நாளைக்குப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லிடறாங்களாம். கிளாஸ்ல பாடமே நடத்தறது இல்லையாம். கேள்வி கேக்கறாங்களாம், குழுவா உக்காந்து பேசச் சொல்றாங்களாம். இவளுக்குப் படிக்கிற ஆசையே விட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்கு. பாடம் நடத்தத்தானே டீச்சர் வாத்தியாரு?"

போனில் நாலு வார்த்தை சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. உங்களில் 2007-க்குப் பிறகு என்னிடம் படித்தவர்கள் அந்த வரலாற்றுக்கு உள்ளேயே பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்த முறைக்கு 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்' என்று பெயர். தமிழில் 'தலைகீழ் வகுப்பறை' என்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எது தலை, எது கால் என்று யார் முடிவு செய்தது? விஷயம் எளிமையானது. பாடத்தைக் கேட்பது வீட்டில், அதை வைத்து வேலை செய்வது வகுப்பில். முன்பு வகுப்பில் கேட்டோம், வீட்டுப்பாடத்தைத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து செய்தோம். சந்தேகம் வருவதெல்லாம் அந்தத் திண்ணையில்தான். அங்கே வாத்தியார் இருக்க மாட்டார்.

மருத்துவப் படிப்பில் இது புதிது என்று நினைக்காதீர்கள். உடற்கூறியல் கூடத்தில் பிணத்தை அறுத்துப் படிக்கும் மாணவர்கள் அன்றைக்கு எந்தப் பகுதியைத் திறக்கப் போகிறோம் என்பதைக் கையேட்டில் முன்னாலேயே படித்துவிட்டுத்தான் மேசைக்கு வரவேண்டும். கன்னிங்ஹாமின் செய்முறைக் கையேடு தலைமுறை தலைமுறையாக அதற்குத்தான் பயன்பட்டது. படிக்காமல் வந்தவன் நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் விழிப்பான். அங்கே ஆசிரியர் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. மேசை மேசையாக வந்து "இது என்ன?" என்று கேட்பார். ஆக, பாதி மருத்துவக் கல்வி முதலிலிருந்தே தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

படிக்கும் ஆசைக்கும், கையில் கொடுக்கும் படிப்புப் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நான் முதலில் யாழ்ப்பாணத்துக்குத்தான் போவேன்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்று ஒரு அமெரிக்க மருத்துவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் 1822-இல் பிறந்தவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்றுக் கொடுத்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். மாணவர்கள் நன்றாகவே படித்தார்கள். படித்து முடித்ததும் என்ன செய்தார்கள்? பலர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள். கிராமத்தில் உட்கார்ந்து தன் சனங்களுக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை. ஆங்கிலப் படிப்பு, பையனின் ஆசையை ஊரிலிருந்து பிடுங்கி உத்தியோகத்தில் நட்டுவிட்டது என்று கிறீன் புரிந்துகொண்டார்.

ஊருக்குப் போய்விட்டு 1862-இல் திரும்பி வந்தவர், பிறகு தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடத்தத் தொடங்கினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே! தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' 1867-இல் வந்தது. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் வந்தது. வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்', 1875. நம் காதுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். 150 வருடத்துக்கு முன்பு ஒரு வெளிநாட்டுக்காரர், தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பையன் எலும்பின் பெயரையும் தசையின் பெயரையும் தன் மொழியில் தானே படித்துத் தெரிந்துகொள்ள வழி செய்திருக்கிறார். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் சேர்த்து அவரிடம் படித்து வெளிவந்தவர்கள் அறுபதுக்கும் மேல். அவர் 1873-இல் தாயகம் திரும்பினார். 1884-இல் இறக்கும் வரை மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்தால்தான் மதிப்பு, தமிழில் படித்த வைத்தியன் இரண்டாந்தரம் என்ற எண்ணம் அப்போதே இருந்தது. அவர் போன பிறகு தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. படிப்புப் பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், படித்து முடித்த பின் ஊர் என்ன மதிப்புக் கொடுக்கும் என்பதும் மாணவனின் ஆசையைத் தீர்மானிக்கிறது. வகுப்பறை ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது அமெரிக்கா. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர். அவர் வகுப்பில் பெரும்பாலானோர் பிற்பாடு மருத்துவம் படிக்கப் போகிறவர்கள். தேர்வு வைத்தால் நல்ல மதிப்பெண். மாணவர்கள் அவரைப் பற்றிப் புகழ்ந்து எழுதினார்கள். தான் நல்ல ஆசிரியர் என்று அவர் நிம்மதியாக இருந்த நேரத்தில், விசை பற்றிய மிக எளிமையான சில கேள்விகளை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் அடிப்படையில் தடுமாறினார்கள். ஒரு மாணவி கேட்டாளாம், இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நிஜமாக நினைக்கிறபடி எழுதவா என்று. எந்த வாத்தியாரும் தூக்கம் தொலைக்க வேண்டிய கேள்வி இது.

இரண்டு முறை விளக்கியும் பிள்ளைகள் முகத்தில் தெளிவில்லை. "சரி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்" என்றார். வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஆனால் சில நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது! புதிதாகப் புரிந்துகொண்டவனுக்கு எங்கே தடுக்குகிறது என்பது நினைவில் பசுமையாக இருக்கும், பேராசிரியருக்கு அது எப்போதோ மறந்து போயிருக்கும். 1991 முதல் மசூர் இதையே முறையாக்கினார். பாடத்தை முன்பே வாசித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் கேள்வி, பக்கத்து ஆளுடன் விவாதம், மறுபடி கேள்வி. அப்போது வீடியோவும் இல்லை, யூடியூபும் இல்லை. அச்சடித்த தாள்தான்.

வீடியோ பிறகுதான் வந்தது. கொலராடோ மலைப்பகுதியில் உட்லண்ட் பார்க் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிகளுக்காக நெடுந்தூரம் போய் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காக 2007-இல் பாடங்களைப் பதிவு செய்தார்கள். தவறவிடாத பிள்ளைகளும் பார்த்தார்கள். அங்கிருந்துதான் இந்தப் பெயர் உலகம் சுற்றியது.

மருத்துவத்துக்கு இதைக் கொண்டுபோகச் சொல்லி 2012-இல் சார்லஸ் புரோபரும் சிப் ஹீத்தும் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். புரோபர் ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர். அங்கே உயிர்வேதியியல் வகுப்பில் விரிவுரையைச் சிறு வீடியோக்களாக்கி முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தை நோயாளிக் கதைகளை வைத்துப் பேசுவதற்கு ஒதுக்கினார்கள். வருகை கட்டாயமில்லை. ஆனாலும் சுமார் 30 சதவீதமாக இருந்த வருகை 80 சதவீதமாக ஏறியது. அம்மாக்காரி பயந்ததற்கு நேர் எதிர்! வீடியோ கையில் இருக்கும்போது வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கவில்லை. வீடியோவில் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த அறையில் கிடைத்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2007-08-இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அந்த 2007 நவம்பரில்தான் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், 2002-இல் சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். மாவட்டத்தின் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பை மாற்றி மாற்றியே எங்கள் அலுவலக நண்பர்களுக்குக் கை வலித்தது!

செயல்வழிக் கற்றலின் வேர் ஆந்திராவில், மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி. அங்கே சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார்.

உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் கற்றல் ஏணி. ஒவ்வொரு படிக்கும் ஒரு அட்டை, அட்டையில் ஒரு சின்னம். வந்ததும் உங்கள் வருகையை நீங்களே பதிவு செய்வீர்கள். ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காருவீர்கள். ஆசிரியர் உதவியுடன் ஒரு குழு, ஆசிரியர் பகுதி உதவியுடன் ஒரு குழு, சக மாணவர் உதவியுடன் ஒரு குழு, தானே செய்து பார்த்துக்கொள்ளும் குழு. உங்கள் உயரத்துக்குச் சுவரின் கீழே கரும்பலகை. எழுதியதைத் தொங்கவிட மேலே கம்பிப் பந்தல். நான் நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு உங்களோடு தரையில். முட்டி வலி அப்போது வந்ததுதான், இன்னும் போகவில்லை.

அப்போதும் இதே கேள்விதான். "டீச்சர் பாடம் நடத்தறதே இல்ல, புள்ளைங்க அட்டைய வச்சு விளையாடுதுங்க" என்று மக்காச்சோளம் காயவைக்கிற களத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் பயப்படாமல் விட்ட படியிலிருந்து தொடங்கியது. சின்ன வெங்காயம் பறிக்கிற பருவத்தில் அம்மாவோடு காட்டுக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பழைய முறையில் அந்தப் பிள்ளை வந்து பார்த்தால் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். கடைசி வரிசையில் உட்காரும், கொஞ்ச நாளில் நின்றுவிடும்.

எங்கே கெட்டது என்றும் சொல்ல வேண்டும். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஆசிரியர் உதவிக் குழுவில் கூட்டம் சேர்ந்துவிட்டால் மற்றக் குழுக்கள் காத்துக் கிடக்கும். கிழிந்த அட்டைக்குப் பதில் அட்டை வராது. பார்வைக்கு வருகிறவர்கள் பிள்ளை எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணினார்கள், ஏறிய படி காலுக்குக் கீழே நிற்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எண்ண ஆரம்பித்ததும் சில பள்ளிகளில் பிள்ளைகள் புரியாமலே படி ஏறினார்கள். பிறகு எளிமைப்படுத்திய முறை வந்தது, முப்பருவம் வந்தது, புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பொருள் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பு என்பது பல ஊர்களில் மாறவில்லை.

ஆசை பற்றி ஒரு சோதனையைச் சொல்கிறேன். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களிடம் சுவாரசியமான ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்தார். ஒரு சாராருக்கு நடுவில் காசு கொடுத்தார், பிறகு நிறுத்தினார். காசு வாங்கியவர்கள் அதன் பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. சும்மா இருந்திருந்தால் ஆசைக்காகச் செய்திருப்பார்கள். பின்னாளில் ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து அவர் சொன்னது: தானாகப் படிக்கும் ஆசைக்கு மூன்று வேண்டும். நானே செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. வீடியோவை நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்ப்பதில் முதல் இரண்டும் கிடைக்கலாம். மூன்றாவது வகுப்பறையில்தான் கிடைக்கும். வீடியோ பார்த்தாயா இல்லையா என்று கணினியில் டிக் போட்டு மதிப்பெண் கொடுத்தால் முதல் உணர்வும் போய்விடும். கற்றல் ஏணியில் நான் பார்த்ததும் அதுதான்.

இப்போது நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் பெரிய வியாதி என்றால் திருச்சி, இல்லாவிட்டால் தஞ்சாவூர். டாக்டர் என்பவர் வெளியூரிலிருந்து வருகிறவர். இன்று பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக 2022 ஜனவரி 12-இல் திறந்து வைக்கப்பட்டது, ஆண்டுக்கு 150 இடம். அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். செந்துறை பக்கம் குழுமூர்ப் பெண். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கியும், நீட் வந்ததால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பரில் நம்மை விட்டுப் போனவள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத என்னால் முடியாது.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதன் பிறகு தமிழ் வழியில் படித்த, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். உள்ளே போனதும் எல்லாம் ஆங்கிலம். 150 பேர் உட்கார்ந்த கூடத்தில் வேகமாக ஓடும் விரிவுரை. பிடிபடாத ஒரு சொல் வந்தால் கை தூக்கிக் கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? முதல் மாதத்திலேயே "இது நமக்கு ஆகாது" என்ற எண்ணம் வந்துவிட்டால், நீட்டைத் தாண்டி வந்த ஆசை அங்கே செத்துப்போகும்.

இந்தப் பிள்ளைக்கு முந்தின இரவே வீடியோவோ குறிப்போ கையில் கிடைப்பது பெரிய வரம் என்றுதான் நான் நினைக்கிறேன். விடுதி அறையில் யாரும் பார்க்காமல் பத்து முறை நிறுத்தலாம். அகராதி பார்க்கலாம். தமிழில் தேடலாம். தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கிறீன் மானிப்பாயில் செய்ய நினைத்த வேலைதானே இது? மறுநாள் வகுப்புக்குப் போகும்போது அந்தச் சொற்கள் அந்நியமாக இருக்காது. பக்கத்துப் பிள்ளையோடு பேச வாயில் ஏதோ ஒன்று இருக்கும்.

இந்திய மருத்துவக் கல்வியின் பாடத்திட்டமும் 2019-இல் மாறியது. மாணவர் தாமாகக் கற்பதற்கென்றே மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், முதலாண்டிலேயே நோயாளியைப் பார்க்க வைக்கிறார்கள். தாளில் நன்றாக இருக்கிறது. ஆசிரியருக்கு நேரமும் தயாரிப்பும் இல்லாவிட்டால், "வீடியோ பாருங்கள்" என்பது "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆகிவிடும். இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு துறை அரைமணி வீடியோ அனுப்பினால் சரி. எல்லாத் துறையும் அனுப்பினால் பிள்ளை எப்போது தூங்கும்?

அதனால் அந்த அம்மாவிடம் மகளைச் சில விஷயம் கவனிக்கச் சொன்னேன். வீடியோவில் சொன்னதையே வகுப்பில் திரும்பச் சொல்கிறார்களா, இல்லை அதை வைத்து ஒரு நோயாளியின் கதையை அவிழ்க்கிறார்களா? தப்பான பதில் சொன்னால் ஆசிரியர் முகம் எப்படி மாறுகிறது? குழுவில் ஆங்கிலம் தெரிந்த நாலு பேர் மட்டும் பேசுகிறார்களா? வீடியோ பார்க்கும்போது புரியாத இடத்தின் நிமிடத்தைக் குறித்து வைத்து, அதை மட்டும் ஒரு தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் அவள் அம்மாவிடமும் இதைத்தான் சொல்வேன். புரிந்ததை அல்ல, புரியாததை எழுதிக்கொண்டு வா என்று.

என்னிடம் படித்தவர்களில் மருத்துவர் ஆனவர்கள், செவிலியர் ஆனவர்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் இது எப்படி நடந்தது, ஆசை கூடியதா குறைந்ததா என்று கீழே எழுதுங்கள் பிள்ளைகளே. ஆங்கிலத்தில் எழுதினாலும் படித்துவிடுவேன், ஆனால் தமிழில் எழுதினால் அந்த அம்மாவும் படிப்பாள்.